ஜாங்கோ ஸ்டாட்டிக் கோப்புகள்: என்ஜின்எக்ஸா, ஒயிட்நாய்ஸா, எஸ்3-யா?

லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கும். சர்வரில் ஏற்றி, பிழை விவரம் காட்டும் டீபக் அமைப்பை அணைத்ததும் பக்கம் வரும், சிஎஸ்எஸ் வராது. வெள்ளைத் திரையில் நீல லிங்குகள், நடுநடுவே உடைந்த படக் குறிகள். பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் முதன்முதலாக டெப்ளாய் செய்தவர்களில், அதாவது சர்வரில் ஏற்றியவர்களில், இந்தத் திரையைப் பார்க்காதவர்கள் குறைவு. உடனே எங்கிருந்தோ ஒரு விடையை எடுத்து ஒட்டுகிறோம், சிஎஸ்எஸ் வந்துவிடுகிறது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த அவசரத்தில் ஒட்டியதுதான் பிறகு வருடக்கணக்கில் அந்தத் தளத்தின் டெப்ளாய் முறையாக நின்றுவிடுகிறது. அதனால் இதை நிதானமாக உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவாகவே நான் பார்க்கிறேன்.

சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படம் போன்ற இந்த ஸ்டாட்டிக் கோப்புகளைப் பிரவுசருக்கு அனுப்ப முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. என்ஜின்எக்ஸ் மாதிரியான வெப் சர்வரே நேராகக் கோப்புகளை அனுப்புவது ஒன்று. ஜாங்கோ ஓடும் அதே பைத்தான் புராசஸ், ஒயிட்நாய்ஸ் லைப்ரரியின் உதவியோடு அனுப்புவது இன்னொன்று. கோப்புகளை அமேசான் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ஏற்றி, முன்னால் ஒரு சிடிஎன் (பயனருக்கு அருகிலிருந்து கோப்பை அனுப்பும் சர்வர் வலை) வைப்பது மூன்றாவது. ஒப்பிடுவதற்கு முன் பாதைகளைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். எந்த வழிக்குப் போனாலும் குழப்பம் தொடங்கும் இடம் அதுதான்.

பாதைகள் எங்கே பிரிகின்றன

ஸ்டாட்டிக் யூஆர்எல் என்பது பிரவுசர் கேட்கும் முகவரி. ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் டிர்ஸ் என்பது ஆப்களுக்கு வெளியே நீங்கள் எழுதிய கோப்புகள் கிடக்கும் ஃபோல்டர்களின் பட்டியல். ஸ்டாட்டிக் ரூட் என்பது கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளை எல்லாக் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் ஃபோல்டர். டெவலப்மென்டில் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு வேலையே இல்லை. ரன்சர்வர், கோரிக்கை வரும்போதெல்லாம் ஃபைண்டர்களைக் கூப்பிட்டு மூலக் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. புரொடக்‌ஷனில் நேர்மாறு: கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடி முடிந்த பிறகு மூல ஃபோல்டர்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஸ்டாட்டிக் ரூட் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேலை இருப்பது ஸ்டாட்டிக் யூஆர்எல் ஒன்றுக்குத்தான். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இந்த ஏற்பாடு 2011-இல் ஜாங்கோ 1.3-ஓடு வந்தது. அதற்கு முன் தளத்தின் சொந்த சிஎஸ்எஸ்ஸும் பயனர் ஏற்றிய படமும் மீடியா என்ற ஒரே பெயரின் கீழ்தான் கிடந்தன. இரண்டையும் பிரித்தது நல்ல முடிவு. முதலாவது உங்கள் கோடின் பகுதி, டெப்ளாய்க்கு டெப்ளாய் மட்டுமே மாறும். இரண்டாவது டேட்டா, எந்த நொடியிலும் மாறும். இந்த வித்தியாசம் ஒயிட்நாய்ஸைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

டெவலப்மென்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் தனித்தனி செட்டிங்ஸ் கோப்பு வைத்து இரண்டிலும் பாதைகளைக் கையால் எழுதுவது பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டாட்டிக் ரூட்டை, புராஜெக்ட் ஃபோல்டரைக் குறிக்கும் பேஸ் டிர் என்பதிலிருந்து கணக்கிட்டால் போதும், லேப்டாப்பிலும் சர்வரிலும் ஒரே வரி வேலை செய்யும். சூழலுக்குச் சூழல் மாற வேண்டிய தேவை ஸ்டாட்டிக் யூஆர்எல்லுக்கு மட்டுமே வரலாம், அதுவும் சிடிஎன் வைத்தால்தான். அதை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துவிடலாம். டெம்ப்ளேட்டில் சாய்கோட்டில் தொடங்கும் முகவரியைக் கையால் எழுதாமல், எங்கும் ஸ்டாட்டிக் டேக் வழியாகவே போக வேண்டும். இந்த ஒழுங்கு இருந்தால் மூன்று வழிகளுக்கும் இடையே பின்னால் மாறுவது சில வரி வேலை. இல்லாவிட்டால் நூறு டெம்ப்ளேட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது

வழக்கமான ஒப்பீடுகள் வேகத்தில் தொடங்கி வேகத்திலேயே முடிகின்றன. ஒரு சின்ன, நடுத்தரத் தளத்துக்கு வேகம் முக்கியமான கேள்வியே இல்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு கோப்பின் பெயர் தவறினால், ஒரு பாதை பிசகினால், அது முதலில் யார் கண்ணில் படும்? பில்டு ஓடும் இடத்தில் சிவப்பாகத் தெரியுமா, டெப்ளாய் முடிந்த பிறகு லாகில் தெரியுமா, அல்லது வாடிக்கையாளர் போன் செய்து சொன்னால்தான் தெரியுமா? ஸ்டாட்டிக் கோப்புப் பிழைகள் சத்தமில்லாதவை. பக்கம் 200, அதாவது எல்லாம் சரி, என்றே பதில் தரும், மானிட்டரிங் பச்சையாகவே இருக்கும், பணம் கட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யாது. ஆகவே பிழையை எவ்வளவு முன்கூட்டி, எவ்வளவு சத்தமாகக் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு வழியை நான் எடைபோடுகிறேன்.

இந்தக் கணக்கில், மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு பாகம் எல்லாவற்றையும்விட அதிகம் உதவுகிறது. அது மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ்.

2014-இல் வந்த ஜாங்கோ 1.7 முதல் மேனிஃபெஸ்ட் ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ் ஜாங்கோவிலேயே இருக்கிறது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓடும்போது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் எம்டி5 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) எடுத்து, அதன் முதல் 12 எழுத்துகளைப் பெயரின் நடுவில் செருகி ஒரு பிரதி வைக்கும். எந்தப் பெயர் எந்தப் பெயரானது என்ற பட்டியலை ஒரு ஜேசான் கோப்பில் எழுதிவிடும். ஸ்டாட்டிக் டேக் அந்தப் பட்டியலைப் பார்த்துப் புதிய பெயரைத் தரும். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும் என்பதால், பழைய சிஎஸ்எஸ் பிரவுசர் கேஷில் உட்கார்ந்துகொண்டு தொல்லை தராது. "கன்ட்ரோல் எஃப்5 அடிச்சுப் பாருங்க சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் நிலை வராது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டுப் பதிப்பு எண் சேர்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

கேஷை விடவும் எனக்கு முக்கியம் இதன் கண்டிப்பு. சிஎஸ்எஸ்ஸுக்குள் ஒரு படத்தைக் குறிப்பிட்டிருந்து அந்தப் படம் இல்லையென்றால் கலெக்ட்ஸ்டாட்டிக் அங்கேயே தோற்றுப்போகும். டெம்ப்ளேட்டில் இல்லாத கோப்பைக் கேட்டால் வேல்யூ எரர் வந்து பக்கமே 500 (சர்வர் பிழை) ஆகிவிடும். இதைப் பார்த்து எரிச்சலாகி, மேனிஃபெஸ்ட் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அந்தக் கண்டிப்புக்காகத்தான் இதை வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. டீபக் ஆன் ஆகியிருக்கும்போது இந்த ஸ்டோரேஜ் ஹாஷ் பெயரைத் தேடவே தேடாது, கொடுத்த பெயரை அப்படியே திருப்பித் தந்துவிடும். ஆக, லேப்டாப்பில் எவ்வளவு சுற்றி வந்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. இதற்கு நல்ல மருந்து ஜாங்கோவின் டெஸ்ட் ரன்னரிடமே உள்ளது: செட்டிங்ஸில் என்ன எழுதியிருந்தாலும் டெஸ்ட் ஓடும்போது அது டீபக்கை ஃபால்ஸ் ஆக்கிவிடுகிறது. கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ-யில் முதலில் கலெக்ட்ஸ்டாட்டிக்கை ஓட்டி, பிறகு மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜை மாற்றாமல் டெஸ்டுகளை ஓட்டினால், ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் ஒருமுறை தொட்டுவிடும் எளிய டெஸ்டுகளே காணாமல்போன கோப்புகளைப் பிடித்துத் தந்துவிடும். டெஸ்ட் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக டெஸ்ட் செட்டிங்ஸில் மட்டும் சாதாரண ஸ்டோரேஜுக்கு மாற்றுவது பரவலான பழக்கம். பிடிக்கக்கூடிய ஒரே இடத்தில் வலையைக் கழற்றி வைப்பதுதான் அது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பிழையும் இதே வலையில் விழும். விண்டோஸும், வழக்கமான அமைப்பிலுள்ள மேக்கும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. டிசைனர் அனுப்பிய லோகோவின் நீட்டிப்பு பெரிய எழுத்தில் இருந்து, டெம்ப்ளேட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் லேப்டாப்பில் படம் தெரியும், லினக்ஸ் சர்வரில் தெரியாது. சிஐ லினக்ஸில் ஓடுவதால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பழைய பாடங்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ் என்ற தனி செட்டிங்குக்குப் பதில் 2023-இல் ஜாங்கோ 4.2-இல் ஸ்டோரேஜஸ் என்ற அகராதி வந்தது. 2024-இல் வந்த 5.1-இல் பழைய செட்டிங்கை முழுதாக எடுத்துவிட்டார்கள். பழைய வரியை 5.1-இல் விட்டுவைத்தால் ஜாங்கோ அதைக் கண்டுகொள்ளாது, குறை சொல்லவும் செய்யாது. ஹாஷ் இல்லாமலே தளம் ஓடிக்கொண்டிருக்கும். மேம்படுத்திய பிறகு பக்கத்தின் சோர்ஸைத் திறந்து, சிஎஸ்எஸ் பெயரில் அந்த 12 எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். புதிய அகராதியை எழுதும்போது டிஃபால்ட் என்ற பகுதியையும் சேர்த்தே எழுதுங்கள். அது விட்டுப்போனால் மீடியா கோப்புகளைத் தொடும்போது பிழை வரும்.

என்ஜின்எக்ஸ்

இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், கோப்பு அனுப்புவதற்கென்றே செதுக்கியது மாதிரியான சர்வர். டிஸ்க்கிலிருந்து நெட்வொர்க்குக்கு நேராகத் தள்ளிவிடும், பைத்தான் புராசஸ் தொந்தரவில்லாமல் தன் வேலையைப் பார்க்கும். ஒரே மெஷினில், ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன் சர்வரும் என்ஜின்எக்ஸும் ஓடும் பழைய பாணி அமைப்புக்கு இது இயல்பான தேர்வு. ஆனால் நான் சொன்ன அளவுகோலில் பார்த்தால் மூன்றில் அதிகப் பிழைகள் சத்தமில்லாமல் நுழைவது இங்கேதான். காரணம் எளிது: பாதை இப்போது இரண்டு கோப்புகளில் இருக்கிறது. ஜாங்கோ செட்டிங்ஸ் ஒன்று, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் மற்றொன்று. ஒன்றை மாற்றினால் மற்றதற்குத் தெரியாது, எந்த டெஸ்டும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

முதல் சறுக்கல் ரூட்டுக்கும் அலையஸுக்கும் உள்ள வேறுபாடு. உங்கள் ஸ்டாட்டிக் ரூட் /எஸ்ஆர்வி/கடை/ஸ்டாட்டிக்ஃபைல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். லொகேஷன் /ஸ்டாட்டிக்/ என்று எழுதி, அதற்குள் இந்த ஃபோல்டரை ரூட் என்று கொடுத்தால், என்ஜின்எக்ஸ் முகவரி முழுவதையும் அதன் பின்னால் ஒட்டும். தேடும் இடம் /எஸ்ஆர்வி/கடை/ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்/ஸ்டாட்டிக்/ என்றாகிவிடும். அங்கே ஒன்றும் இருக்காது, 404. அலையஸ் என்று கொடுத்தால் லொகேஷனில் பொருந்திய பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒட்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

அலையஸ் எழுதும்போது கடைசிச் சாய்கோட்டில் கண் வேண்டும். லொகேஷன் சாய்கோட்டில் முடிந்து அலையஸ் முடியாவிட்டால், ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு 404 வரும். அது தொல்லை மட்டுமே. தலைகீழாக நடந்தால் ஆபத்து. லொகேஷன் /ஸ்டாட்டிக் என்று சாய்கோடு இல்லாமல் முடிந்து, அலையஸ் சாய்கோட்டோடு முடிந்தால், யாராவது /ஸ்டாட்டிக்../ என்று கேட்கலாம். என்ஜின்எக்ஸ் /ஸ்டாட்டிக் என்ற பகுதியை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள இரண்டு புள்ளிகளை அலையஸ் பாதையின் பின்னால் ஒட்டும். ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே, அதாவது உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்கே கதவு திறந்துவிடும். சீக்ரெட் கீ இருக்கும் செட்டிங்ஸ் கோப்பைக்கூட அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 2018 பிளாக் ஹாட் மாநாட்டில் ஆரஞ்ச் சாய் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை விரிவாகக் காட்டிய பிறகு இந்தத் தவறு பரவலாகத் தெரியவந்தது. ஒரு சாய்கோட்டில் இவ்வளவு இருக்கிறது. இரண்டு பக்கமும் சாய்கோட்டோடு முடியுங்கள், எப்போதும்.

அடுத்தது அனுமதி. உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல், புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750. அதாவது வெளியாள் உள்ளே நுழையவே முடியாது. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடும் என்ஜின்எக்ஸுக்கும் அதே கதிதான். புராஜெக்டை ஹோம் ஃபோல்டருக்குள் வைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டியைப் பின்பற்றினால் 403 வரும், பாதையில் எழுத்துப் பிழை தேடி அலைவீர்கள், பிழை அங்கே இருக்காது. கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பயனில்லை. வேரிலிருந்து அந்தக் கோப்பு வரையிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் உரிமை வேண்டும். இதற்காக ஹோம் ஃபோல்டரை 777 ஆக்குவதைவிட, ஸ்டாட்டிக் ரூட்டை எஸ்ஆர்வி அல்லது வார் ஃபோல்டருக்குக் கீழே மாற்றிவிடுவது சுத்தமான தீர்வு.

எது பிரச்சினை என்று தெரியாதபோது என்ஜின்எக்ஸ் எரர் லாகின் கடைசி வரிகளைப் பாருங்கள். தான் திறக்க முயன்ற முழுப் பாதையையும் அங்கே எழுதியிருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண். 2 என்றால் அந்த இடத்தில் கோப்பே இல்லை, கான்ஃபிக்கைத் திருத்துங்கள். 13 என்றால் கோப்பு இருக்கும் இடத்தை எட்ட அனுமதி இல்லை, கான்ஃபிக்கைத் தொடாதீர்கள். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் மணிக்கணக்கான தேடல் மிச்சம்.

ஆப்பை அதற்கு வேண்டியவற்றோடு இமேஜாகக் கட்டி, கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் என்ஜின்எக்ஸ் வழியைப் பின்பற்றுபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜாங்கோ கன்டெய்னரும் என்ஜின்எக்ஸ் கன்டெய்னரும் ஒரு பெயரிட்ட வால்யூமை (கன்டெய்னர் போனாலும் நிலைத்திருக்கும் சேமிப்பிடம்) பகிர்ந்துகொள்வது வழக்கமான அமைப்பு. இமேஜ் பில்டு ஆகும்போதே கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டியிருந்தால், முதல் முறை எல்லாம் சரியாக வரும். காலியான வால்யூமில் இமேஜிலுள்ள கோப்புகளை டாக்கரே நிரப்பிவிடும். இரண்டாம் டெப்ளாயில் வால்யூம் காலியாக இல்லை. எனவே நிரப்பாது. புதிய இமேஜ், பழைய சிஎஸ்எஸ். ஜாங்கோவும் அதே வால்யூமில் உள்ள பழைய மேனிஃபெஸ்ட்டையே படிப்பதால், புதிதாகச் சேர்த்த கோப்பைத் தொட்ட பக்கம் மட்டும் 500 ஆகும், மற்றவை பழைய முகத்தோடு ஓடும். இந்த அமைப்பில் கன்டெய்னர் தொடங்கும்போது கலெக்ட்ஸ்டாட்டிக்கை ஓட்டியே ஆக வேண்டும்.

ஒயிட்நாய்ஸ்

ஒயிட்நாய்ஸில் பாதை இருப்பது ஒரே இடத்தில். ஜாங்கோவின் ஸ்டாட்டிக் யூஆர்எல்லையும் ஸ்டாட்டிக் ரூட்டையும் அதுவே படித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துபோகும் மிடில்வேர் பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே ரன்சர்வர் நோஸ்டாட்டிக் என்ற சிறிய ஆப்பை இன்ஸ்டால்டு ஆப்ஸில் மேலே வைத்தால், டெவலப்மென்டிலும் ரன்சர்வருக்குப் பதில் ஒயிட்நாய்ஸே கோப்புகளை அனுப்பும். லேப்டாப்பில் அனுப்புவதும் சர்வரில் அனுப்புவதும் ஒரே கோடு என்பது இந்த ஒப்பீட்டில் பெரிய விஷயம். என்ஜின்எக்ஸுக்கும் ரன்சர்வருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பிறக்கும் பிழைகள் இங்கே பிறப்பதற்கே இடமில்லை.

பைத்தான் கோப்பு அனுப்பினால் மெதுவாக இருக்காதா என்று கேட்பார்கள். என்ஜின்எக்ஸோடு நேருக்கு நேர் வைத்தால் மெதுவுதான். ஆனால் ஒயிட்நாய்ஸின் கம்ப்ரெஸ்டு மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜை வைத்தால், கலெக்ட்ஸ்டாட்டிக் நேரத்திலேயே ஜிஜிப் பிரதியும், புரோட்லி தொகுப்பு நிறுவியிருந்தால் அதன் பிரதியும் தயாராகிவிடுகின்றன. கோரிக்கை வரும்போது அழுத்தும் வேலை கிடையாது. ஹாஷ் பெயர் கொண்ட கோப்புகளுக்குப் பத்து வருட கேஷ் ஹெட்டரும், மாறாது என்ற குறிப்பும் போட்டு அனுப்புகிறது. ஒரு பயனரின் பிரவுசர் ஒரு பதிப்பைக் கேட்பது பெரும்பாலும் ஒரே தடவைதான். அதற்கும் மேல் கூட்டம் வந்தால் முன்னால் சிடிஎன் வைக்கலாம், ஒயிட்நாய்ஸின் ஆவணமே அதைத்தான் சொல்கிறது. சிடிஎன் வைத்தாயிற்று என்றால் பின்னால் இருப்பது என்ஜின்எக்ஸா பைத்தானா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

குறைகளும் உண்டு. புராசஸ் தொடங்கும்போது ஸ்டாட்டிக் ரூட்டை ஒருமுறை முழுதாகப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொள்கிறது. பிறகு வந்து சேரும் கோப்பு புரொடக்‌ஷனில் அதன் கண்ணுக்குத் தெரியாது. எனவே பயனர் ஏற்றும் படங்களுக்கு இது உதவாது, அதற்காக வளைக்க முயலவும் கூடாது. மேனிஃபெஸ்ட்டும் புராசஸ் நினைவில் இருப்பதால் கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டிய பிறகு குனிகார்னை மறுதொடக்கம் செய்ய மறக்கக் கூடாது.

இன்னொரு குறை, பல கன்டெய்னர்கள் ஓடும் தளங்களுக்கு. டெப்ளாய் படிப்படியாக நடக்கும்போது கொஞ்ச நேரம் பழைய கன்டெய்னரும் புதிய கன்டெய்னரும் சேர்ந்தே ஓடும். ஒரு பயனருக்குப் பக்கத்தின் எச்டிஎம்எல் புதிய கன்டெய்னரிலிருந்து வருகிறது, அதில் புதிய ஹாஷ் பெயர். சிஎஸ்எஸ் கேட்டுப் போகும் அடுத்த கோரிக்கை பழைய கன்டெய்னரில் போய் விழுகிறது. அங்கே அந்தப் பெயரில் கோப்பு இல்லை, 404. டெப்ளாய் முடிந்த பிறகு தலைகீழாக நடக்கும்: காலையில் திறந்த பக்கத்தை மாலைவரை மூடாமல் வைத்திருப்பவர், அந்தப் பக்கம் தாமதமாக ஏற்றும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பழைய பெயரில் கேட்பார். அது இப்போது எந்தக் கன்டெய்னரிலும் இல்லை. ஒரே மெஷினில், பழையதை அழிக்கும் கிளியர் ஆப்ஷன் இல்லாமல் கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டினால் பழைய பெயர்களும் ஃபோல்டரிலேயே கிடக்கும், அங்கே இந்தச் சிக்கல் எழாது. கன்டெய்னரில் ஒவ்வொரு இமேஜும் வெறுமையிலிருந்து தொடங்குகிறது.

எஸ்3-யும் சிடிஎன்னும்

மேலே சொன்ன சிக்கலுக்குச் சரியான விடை இங்கே கிடைக்கிறது. எல்லாப் பதிப்புகளும் எஸ்3-இல் பக்கெட் எனப்படும் ஒரே சேமிப்பிடத்தில் சேர்ந்துகொண்டே போகும், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே நேரத்தில் கிடைக்கும். சர்வர்கள் எத்தனை கூடினாலும் குறைந்தாலும் கோப்புகளுக்குச் சம்பந்தமில்லை. ஜாங்கோ-ஸ்டோரேஜஸ் தொகுப்பில் எஸ்3-க்கான மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜும் தயாராக இருக்கிறது, ஆகவே கண்டிப்பும் கைவிட்டுப்போகாது.

விலை, அமைப்பில் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் புதிய எஸ்3 பக்கெட்டுகள் பொது அணுகல் மூடிய நிலையிலேயே பிறக்கின்றன. பக்கெட்டைத் திறந்துவிடாமல், அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃபிரண்டுக்கு மட்டும் உரிமை கொடுப்பது முறையான வழி, ஆனால் அந்த அனுமதிப் பாலிசிகளைப் புரிந்து எழுத ஆள் வேண்டும். ஜாங்கோ-ஸ்டோரேஜஸில் தனி டொமைன் குறிப்பிடாவிட்டால், இயல்பு நிலையில் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் கையொப்பம் சேர்ந்துகொள்ளும். முகவரி மாறிக்கொண்டே இருந்தால் பிரவுசர் கேஷுக்கு வேலையே இல்லை, ஹாஷ் போட்டதன் பயனும் போயிற்று. குவெரிஸ்ட்ரிங் ஆத் என்ற அமைப்பை அணைக்க வேண்டும், அல்லது சிடிஎன் டொமைனைக் கொடுக்க வேண்டும். எழுத்துருக்கள் வேறு டொமைனிலிருந்து வருவதால் வேறு டொமைனுக்கு அனுமதி தரும் சிஓஆர்எஸ் ஹெட்டர் இல்லாமல் பிரவுசர் அவற்றை ஏற்காது. படங்கள் வந்துவிட்டன, ஐகான்கள் மட்டும் வெற்றுக் கட்டமாக இருக்கின்றன என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கலெக்ட்ஸ்டாட்டிக்கும் இங்கே மெதுவாகும். எந்தக் கோப்பு மாறியது என்பதை அது மாற்றிய நேரத்தை வைத்தே முடிவு செய்கிறது. சிஐ-யில் ஒவ்வொரு முறையும் கிட் புதிதாகக் கோப்புகளை எழுதுவதால் எல்லாமே இப்போதுதான் மாறியவை போலத் தெரியும். எனவே அட்மின் பக்கத்தின் கோப்புகள் உட்பட அத்தனையும் ஒவ்வொரு டெப்ளாயிலும் மறுபடி ஏறும். மேனிஃபெஸ்ட் கோப்பும் பக்கெட்டில் இருப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: புதிய கலெக்ட்ஸ்டாட்டிக் முடிந்து, புதிய கோடு இன்னும் ஏறாத இடைவெளியில் ஒரு பழைய சர்வர் தற்செயலாக மறுதொடக்கம் ஆனால், பழைய டெம்ப்ளேட்டுகள் புதிய மேனிஃபெஸ்ட்டைப் படிக்கும். ஜாங்கோ 4.0 முதல் மேனிஃபெஸ்ட்டை மட்டும் வேறு ஸ்டோரேஜில் வைக்க வழி இருக்கிறது. அதை இமேஜுக்குள்ளேயே, கோடோடு சேர்த்து வைப்பதுதான் சரி.

எதை எடுப்பது

புதிதாகத் தொடங்கும் தளம், ஒன்றிரண்டு சர்வர், சிறிய குழு என்றால் ஒயிட்நாய்ஸும் அதன் கம்ப்ரெஸ்டு மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜும். தயக்கமில்லாமல் சொல்வேன். பாதை ஒரே இடத்தில் இருக்கிறது, லேப்டாப்பும் சர்வரும் ஒரே கோடில் ஓடுகின்றன, பெரும்பாலான பிழைகள் சிஐ-யில் வெளியே வந்துவிடுகின்றன. முன்னால் டிஎல்எஸ் மறையாக்கத்துக்காக என்ஜின்எக்ஸ் நின்றால் நிற்கட்டும், ஸ்டாட்டிக் கோரிக்கையையும் குனிகார்னுக்கே அனுப்பிவிடட்டும். கான்ஃபிக்கில் ஒரு லொகேஷன் குறைந்தால் ஒரு சாய்கோட்டுப் பிழைக்கான இடமும் குறைந்தது.

என்ஜின்எக்ஸ் வழியை நான் இரண்டு நிலைமைகளில் மட்டும் தேர்ந்தெடுப்பேன். பயனர் ஏற்றும் மீடியா கோப்புகள் அதே டிஸ்க்கில் இருந்து, அவற்றுக்காக எப்படியும் அலையஸ் எழுத வேண்டியிருந்தால். அல்லது ஏற்கெனவே வருடக்கணக்கில் ஓடும் சர்வர், அதைப் பராமரிப்பவருக்கு என்ஜின்எக்ஸ் தண்ணிபட்ட பாடு என்றால். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல அமைப்பைக் கட்டுரை படித்துவிட்டு மாற்ற வேண்டாம். மேனிஃபெஸ்ட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், கூடவே டெப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு சோதனை: முகப்புப் பக்கத்தை இறக்கி, அதிலுள்ள முதல் சிஎஸ்எஸ் முகவரியை எடுத்து, அதைக் கேட்டு, 200 வராவிட்டால் டெப்ளாய் தோல்வி என்று அறிவிக்கச் செய்யுங்கள். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை எந்த யூனிட் டெஸ்டும் தொடாது. இந்தச் சோதனை தொடும்.

எஸ்3-க்குப் போக வேண்டிய நேரம், கன்டெய்னர்கள் பலவாகி, டெப்ளாய் அடிக்கடி நடந்து, 404-கள் லாகில் தலைகாட்டத் தொடங்கும்போது. முன்கூட்டியே போக வேண்டியதில்லை. டெம்ப்ளேட்டுகள் ஸ்டாட்டிக் டேக் வழியாகவே பேசிக்கொண்டிருந்தால் ஜாங்கோ பக்கத்தில் மாறுவது ஸ்டோரேஜஸ் அகராதியில் சில வரிகளும் ஓர் என்விரான்மென்ட் வேரியபிளும்தான். மிச்சம் ஒன்றே ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்: ஜாவாஸ்கிரிப்டுக்குள் நேராக எழுதிவைத்த படப் பாதைகள். மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ் சிஎஸ்எஸ்ஸில் உள்ள பாதைகளை மாற்றி எழுதும், ஜாவாஸ்கிரிப்டில் சரங்களாகக் கிடக்கும் பாதைகளைத் தொடாது. அவற்றை டெம்ப்ளேட்டிலிருந்து டேட்டா அட்ரிபியூட்டாகக் கொடுத்து, ஸ்கிரிப்ட் அங்கிருந்து படிக்கும்படி மாற்றிவிடுங்கள். அந்த வேலையை மட்டும் எந்த வழியில் இருந்தாலும் இந்த வாரமே செய்துவிடலாம்.